சாப்பாட்டுக்கு முன்னால் 20 நிமிட வகுப்பு: பிள்ளைகள் குறைகிறார்கள், என்ன செய்வது?

#1 மாலைப்பந்தி

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி. எழுதுவது இதுதான் முதல் தடவை.

வாரத்தில் 3 நாள் சாயங்காலம் ஒரு பொதுக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறோம். 4 வயதிலிருந்து 14 வரை. யார் எவர் என்று கேட்பதில்லை, வந்தால் தட்டு. சமைக்க 5 பேர், பரிமாற, கழுவ, கூட்ட என்று இன்னும் 8 பேர். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. 2 வருஷமாக ஓடுகிறது. சராசரியாக 60, 65 தட்டு.

செலவில் பெரும்பகுதியைத் தரும் அறக்கட்டளை இந்த வருஷம் ஒரு நிபந்தனை வைத்தது. சோறு போட்டால் மட்டும் போதாது, நல்ல சாப்பாட்டுப் பழக்கத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது. நானே தலையாட்டினேன். அப்படித்தான் சாப்பாட்டுக்கு முன்னால் 20 நிமிட வகுப்பு வந்தது. படம் போட்ட அட்டை, புரதம், மாவுச்சத்து, நார்ச்சத்து, கடைசியில் ஒரு வினாத்தாள், கூடவே வருகைப்பதிவு.

6 வாரம் ஆயிற்று. போன வாரம் எண்ணினேன், 41 தட்டு. நின்றுபோனவர்களில் முக்கால்வாசி 11, 12, 13 வயதுக்காரர்கள். சின்னதுகள் வருகின்றன, ஆனால் வகுப்பு நடக்கும்போது அத்தனை கண்ணும் சமையலறைக் கதவில்தான். எங்கள் குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சியாகிவிட்டது. வகுப்பை நிறுத்தினால் பணம் நிற்கும். நடத்தினால் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

அனுபவப்பட்டவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

#2 பெரியகரண்டி

அம்மா, 27 வருஷமா கூட்டத்துக்குச் சமைக்கிறவன் சொல்றேன். வயிறு கூப்பாடு போடும்போது காதுல எதுவும் ஏறாது. மத்தியானம் அரைகுறையா சாப்பிட்ட புள்ளைய, வாசனை வர்ற இடத்துல உக்கார வச்சு 20 நிமிஷம் பாடம் நடத்துறது சித்திரவதை. பாடம் நடத்துறவங்களுக்கே அது தெரியும், ஆனா கையில அட்டை இருக்கே!

மொதல்ல சோத்தப் போடுங்க. மத்தத அப்புறம் பேசலாம்.

#3 சத்துப்பார்வை

வணக்கம் மாலைப்பந்தி. நான் உணவியல் படித்தவள். இந்த மாதிரி வகுப்புகளை நானே பல இடங்களில் எடுத்திருக்கிறேன் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஒரு தடவை ஒரு பையன் என் வினாத்தாளில் 10-க்கு 10 வாங்கினான். எந்தக் காயில் எந்த வைட்டமின் என்பது மனப்பாடம். அன்று சாயங்காலம் தட்டின் ஓரத்தில் அந்தக் காய் அத்தனையும் ஒதுக்கி வைத்திருந்தான். அதற்குப் பிறகு அட்டைகளின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அதற்காகச் "சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்" என்ற பெரியகரண்டி ஐயாவின் கட்சியில் நான் சேரவில்லை. பிள்ளைகள் சாப்பாட்டைப் பற்றிக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் காது வழியாகக் கற்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் லீன் பிர்ச் இதை வருஷக்கணக்கில் சோதித்துப் பார்த்தவர். அவருடைய மூன்று ஆய்வுகள் உங்கள் கூடத்துக்கு நேரடியாக உதவும்.

1982-இல் 2 வயதுப் பிள்ளைகளிடம் ஒன்று. அதுவரை பார்த்திராத உணவுகளைச் சிலவற்றை 2 தடவை, சிலவற்றை 20 தடவை வரை ருசிக்கக் கொடுத்தார்கள். எதை அதிகத் தடவை ருசித்தார்களோ அதுவே அதிகம் பிடித்தது. ஒரு காய் பழகுவதற்கு 8 முதல் 15 தடவை வரை வாயில் பட வேண்டும் என்று இன்று நாங்கள் பெற்றோர்களிடம் சொல்வது இந்த வழியில் வந்த ஆய்வுகளிலிருந்துதான். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது தடவையிலேயே "இவனுக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

1980-இல் இன்னொன்று. ஒரு காயை விரும்பும் பிள்ளையை, வேறொரு காயை விரும்பும் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் நடுவில் சாப்பிட உட்கார வைத்தார்கள். 4 நாளில் அந்தப் பிள்ளையின் கை மற்றவர்களின் காய்க்கு மாறிவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது 1984. ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் கொடுத்தபோது பிள்ளைகள் குடித்தார்கள், ஆனால் அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் குறைந்துபோனது. "இதை முடித்தால் இனிப்பு" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து உங்கள் கூடத்தில் யாரும் சொல்ல வேண்டாம். காய் தண்டனை, இனிப்பு விடுதலை என்று நாமே சொல்லிக்கொடுப்பதாகிவிடும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பள்ளிகளில் எடுத்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. உட்கார்ந்து சாப்பிட 20 நிமிடத்துக்கும் குறைவாகக் கிடைத்த பிள்ளைகள், 25 நிமிடமாவது கிடைத்தவர்களைவிட முக்கிய உணவை 13 சதவீதமும் காய்கறியை 12 சதவீதமும் குறைவாகச் சாப்பிட்டார்கள். உங்கள் வகுப்பு சாப்பாட்டு நேரத்தைக் கடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் காய்கறியைப் பற்றிய பாடமே காய்கறியைத் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறது.

#4 எதிர்க்கேள்வி

எல்லோரும் உருகுவதால் ஒருவனாவது கேட்க வேண்டும். பிள்ளைக்குச் சோறு போடுவது பெற்றவர்கள் வேலை இல்லையா? 3 நாள் நீங்கள் போட்டால் மீதி 4 நாள்? வருபவர்களில் உண்மையில் பசித்தவர்கள் எத்தனை பேர் என்று எப்போதாவது விசாரித்தது உண்டா? மாலைப்பந்தி சொன்னதை வைத்துப் பார்த்தால், வகுப்பு வைத்ததும் 20 பேர் வரவில்லை என்றால் அந்த 20 பேருக்கும் பசியே இல்லை என்றுதானே அர்த்தம்? நான் பார்த்த ஒரு இடத்தில் சாப்பிட வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் குண்டாக இருந்தார்கள்.

இல்லாதவர்கள் யார் என்று ஒரு பட்டியல் எடுத்து, அடையாள அட்டை கொடுத்து, அவர்களுக்கு ஒழுங்காகப் போடலாமே.

#5 வரிசையில்_நின்றவன்

> அந்த 20 பேருக்கும் பசியே இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை சார்.

எனக்கு 12 வயதில் இப்படி ஒரு இடத்தில்தான் ராத்திரிச் சாப்பாடு. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள் நடத்தியது. ஒரு வருஷம் வரைக்கும் போனேன். பிறகு "தகுதியானவர்களுக்கு மட்டும்" என்று மஞ்சள் நிற டோக்கன் கொடுக்க ஆரம்பித்தார்கள். டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியில் வரிசையில் நிற்க வேண்டும். என் வகுப்புப் பையன்கள் விளையாடிவிட்டு வீட்டுக்குப் போகும் வழி அது. இரண்டு நாள் நின்றேன். மூன்றாவது நாள் டோக்கனைக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, வீட்டில் "சாப்பிட்டேன்" என்று சொன்னேன்.

11, 12, 13 என்று மாலைப்பந்தி அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தச் சாக்கடைதான் ஞாபகம் வந்தது. அந்த வயசுக்குப் பசி தாங்கும். நாலு பேர் பார்ப்பது தாங்காது. வருகைப்பதிவில் கையெழுத்துப் போடு, வினாத்தாளில் பெயர் எழுது என்றால், "நான் இங்கே சாப்பிட வருகிறவன்" என்று எழுதிக் கொடுப்பது மாதிரி.

இன்னொன்று. நான் அவித்த முட்டையைச் சட்டைப்பையில் போட்டு தங்கச்சிக்குக் கொண்டுபோவேன். ஒருநாள் பிடித்துவிட்டார்கள். "இங்கேயே சாப்பிட வேண்டும், அதுதான் விதி." உங்கள் கூடத்தில் அந்த விதி இருந்தால் எடுத்துவிடுங்கள் அக்கா.

#6 பெரியகரண்டி

தம்பி, படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

#7 சத்துப்பார்வை

எதிர்க்கேள்வி சாரின் "குண்டு" பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், இது எல்லா இடத்திலும் வரும் கேள்வி. பருமனும் சத்துக் குறைவும் ஒரே உடம்பில் இருக்க முடியும். கையில் காசு குறைவாக இருக்கும் வீட்டில், ஒரு நாணயத்துக்கு அதிகமாக வயிற்றை நிரப்புவது எது? மாவு, எண்ணெய், சர்க்கரை. காய், பழம், முட்டை, பயறு எல்லாம் பிறகுதான். வயிறு நிறையும், இரும்புச்சத்தும் துத்தநாகமும் கிடைக்காது.

2022 கணக்குப்படி உலகத்தில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 14.8 கோடிப் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 4.5 கோடிப் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். அதே வயதில் 3.7 கோடிப் பேர் அதிக எடை. யூனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி மூன்றும் சேர்ந்து வெளியிட்டது. ஒரு தெருவில் மட்டுமில்லை, ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டும் இருக்கும். ஒரு பிள்ளையின் இடுப்பைப் பார்த்து அதன் பசியை அளக்க எங்களுக்கே தெரியாது, வாசலில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

#8 ஏட்டுச்சுவடி

இந்தச் சண்டைக்கு நூறு வயசுக்கு மேல் ஆகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1906-இல் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட உள்ளாட்சிகளுக்கு அனுமதி கொடுத்து ஒரு சட்டம் வந்தது. அப்போதும் எதிர்க்கேள்வி சார் கேட்டதைத்தான் கேட்டார்கள்: பெற்றோர் பொறுப்பு என்னாவது? அதற்கு அடுத்த வருஷம், 1907 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை, பிராட்ஃபோர்டு நகரத்தில் பள்ளி மருத்துவர் ரால்ஃப் க்ரௌலி 40 ஏழைப் பிள்ளைகளுக்குக் காலையும் மத்தியானமும் சாப்பாடு போட்டு, வாராவாரம் எடை எடுத்தார். எடை ஏறியது. நடுவில் பள்ளி விடுமுறை வந்தது. சாப்பாடு நின்றது. எடை இறங்கியது. திரும்பச் சாப்பாடு தொடங்கியதும் மறுபடி ஏறியது. அவர் போட்ட வரைகோட்டில் அந்த விடுமுறைப் பள்ளம் தெளிவாகத் தெரியும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று இன்றைக்கும் பல நாடுகளில் கவலைப்படுகிறார்களே, அதன் முதல் படம் அதுதான் என்பேன்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. அந்தக் கூடத்தில் மேசைக்கு விரிப்பு போட்டார்கள், பூ வைத்தார்கள். கொஞ்சம் பெரிய பெண் பிள்ளைகளுக்கு மேலங்கி கொடுத்துப் பரிமாறும் பொறுப்பைத் தந்தார்கள். முதல் நாள் ஓட்ஸ் கஞ்சியைப் பார்த்துவிட்டுத் தொடமாட்டேன் என்ற பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்றிரண்டு நாளில் அந்த மறுப்பு அடங்கிவிட்டது. யாரும் ஓட்ஸைப் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. சத்துப்பார்வை சொன்ன 1980, 1982 ஆய்வுகள் இரண்டும் 1907-இலேயே ஒரு சாப்பாட்டு மேசையில் நடந்திருக்கின்றன!

அடுத்தது அமெரிக்காவின் ஓக்லண்டு. 1969 ஜனவரியில், கறுப்பின மக்களின் உரிமைக்காக ஆயுதத்தோடு போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சிக்காரர்கள் ஒரு தேவாலயத்தில் பள்ளிக்கூடம் போகும் முன் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். சீக்கிரமே மற்ற ஊர்களுக்கும் பரவியது. எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்கு இந்தச் சாப்பாடு எவ்வளவு உறுத்தியது என்பது அவருடைய குறிப்பிலேயே இருக்கிறது. அமெரிக்க அரசின் பள்ளிக் காலை உணவு 1966-இல் சோதனையாகத் தொடங்கி, 1975-இல்தான் நிரந்தரமானது.

நம் பக்கத்துக் கதை எல்லோருக்கும் தெரியும், ஒரு வரியில் விடுகிறேன்: 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி, 1956-இல் காமராசர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 2022-இல் காலைச் சாப்பாடு. ஒவ்வொரு தடவையும் "இதற்கெல்லாம் பணம் எங்கே" என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

பட்டியல், அடையாள அட்டை விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானில் 2012 வாக்கில் டோக்கியோவில் ஒரு காய்கறிக்கடையில் "பிள்ளைகள் சாப்பாட்டுக்கூடம்" ஒன்று தொடங்கியது. பள்ளிச் சாப்பாட்டைத் தவிர வாழைப்பழம் மட்டுமே சாப்பிடும் ஒரு குழந்தை இருக்கிறது என்று கேள்விப்பட்டதுதான் காரணம். இன்று அந்த நாட்டில் அப்படிப்பட்ட கூடங்கள் 10,000-ஐத் தாண்டிவிட்டன. பெரும்பாலானவற்றில் வருமானம் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா பாட்டியும் வரலாம், வசதியான வீட்டுப் பிள்ளையும் வரலாம். யார் பசித்து வந்தது, யார் பேச்சுத்துணைக்கு வந்தது என்று வெளியில் இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. நோக்கமே அதுதான். மஞ்சள் டோக்கனுக்கு மாற்று மருந்து கூட்டத்தைப் பெரிதாக்குவது, சிறிதாக்குவது இல்லை.

#9 எதிர்க்கேள்வி

ஏட்டுச்சுவடி, கதை நன்றாக இருக்கிறது. எல்லோருக்கும் போட்டால் செலவு? சரி, அதை விடுங்கள். வகுப்பு வேண்டாம் என்றால் சின்னத் தந்திரங்கள் இருக்கின்றனவே. பழத்தின் மேல் கார்ட்டூன் படம் ஒட்டினால் பிள்ளைகள் அதிகம் எடுக்கிறார்கள் என்று ஒரு ஆய்வு பற்றிப் படித்தேன். செலவே இல்லை. அறக்கட்டளையும் சந்தோஷப்படும்.

#10 சத்துப்பார்வை

அந்த ஆய்வை வைத்து நானும் ஒரு காலத்தில் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறேன். 2012-இல் வந்தது, ஆப்பிளில் எல்மோ என்ற டிவி பொம்மையின் படம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க் குழு. 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் செய்ததாக எழுதியிருந்தார்கள். பிறகு பார்த்தால் அந்தப் பிள்ளைகளுக்கு 3 முதல் 5 வயதாம். 2017-இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அவருடைய வேறு பல கட்டுரைகளுக்கும் அதே கதிதான். 13 வயதுப் பையனிடம் படம் ஒட்டிய ஆப்பிளை நீட்டிப் பாருங்கள், உங்களுக்கே விடை தெரியும்.

மாலைப்பந்திக்கு என் யோசனை இதுதான். எலின் சட்டர் என்ற உணவியலாளர் ஒரு பங்கீடு சொல்வார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் முடிவு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. இந்தக் கோட்டை இரண்டு பக்கமும் தாண்டக் கூடாது. "இன்னும் இரண்டு வாய்" என்று கெஞ்சுவதும் தாண்டல்தான்.

அதன்படி: வந்ததும் சாப்பாடு. ஒரு பருவத்துக்கு இரண்டே இரண்டு புதுக் காய் தேர்ந்தெடுங்கள், வாரம் ஒரு தடவையாவது ஒவ்வொன்றும் வரட்டும். ஒரு கரண்டி போதும், பக்கத்தில் எப்போதும் பழகிய ஏதாவது ஒன்று இருக்கட்டும். பரிமாறுகிற பெரியவர்கள் நின்றுகொண்டு கண்காணிக்காமல், அதே தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பயறும் கீரையும் வைக்கிற நாளில் எலுமிச்சையோ தக்காளியோ கூடச் சேரட்டும், வைட்டமின் சி இருந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீர் கொடுக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அது இரும்புச்சத்தைத் தடுக்கும். இதையெல்லாம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்டால் சொல்லுங்கள்.

#11 பெரியகரண்டி

டாக்டரம்மா சொல்றது சரி, ஆனா ஒண்ண விட்டுட்டாங்க. காய் பிடிக்கலன்னு புள்ளைங்க சொல்றதுல பாதி, சமையல் பிடிக்கலன்னு அர்த்தம்.

60 பேருக்குக் காய ஒரே அண்டாவுல 4 மணிக்கே வேகவச்சு மூடி வச்சா, 6 மணிக்கு அது காயா இருக்காது, நெறம் செத்துக் கொழகொழன்னு கெடக்கும். அதச் சாப்பிடச் சொல்லி வைட்டமின் பத்திப் பேசுனா எப்படி? காய எப்பவும் கடைசியில வைங்க. ரெண்டு தடவையா வதக்குங்க, மொத பந்திக்கு ஒண்ணு, அடுத்த பந்திக்கு ஒண்ணு. பீட்ரூட்ட துண்டு போட்டா ஒதுக்குற புள்ள, துருவிப் போட்டா சாப்பிடும். வெள்ளிக்கிழமை ஒரு இனிப்பு செய்யுங்க. யாருக்கும் நிபந்தனை இல்லாம, எல்லாருக்கும்.

#12 சத்துப்பார்வை

நான் டாக்டர் இல்லை ஐயா :) மற்றபடி ஒவ்வொரு வரிக்கும் கைத்தட்டல். இனிப்புக்கும் ஆட்சேபணை இல்லை, சின்னக் கிண்ணமாக இருந்தால்.

#13 புதுவரவு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்களும் ஒரு இடத்தில் தொடங்கப் போகிறோம். வரிசையில்_நின்றவன் சொன்ன மாதிரி வீட்டுக்குக் கொடுத்துவிடுவது சரிதானா? மிச்சச் சோற்றை ராத்திரி முழுக்க வைத்து மறுநாள் சூடாக்கினால் கிருமி செத்துவிடும்தானே?

#14 பெரியகரண்டி

சாகாது. சோத்துல வர்ற ஒரு கிருமி இருக்கு, பேசில்லஸ் செரியஸ்னு பேரு. அதோட வித்து கொதிக்கிற தண்ணியிலயும் பொழைச்சுக்கும். சோறு வெதுவெதுன்னு கெடக்கும்போது முளைச்சு விஷத்த உண்டாக்கிடும். அந்த விஷம் திரும்பச் சூடு பண்ணாலும் போகாது. அதனால 60 டிகிரிக்கு மேல சூடா இருக்கணும், இல்ல 5 டிகிரிக்குக் கீழ குளுந்து இருக்கணும். நடுவுல 2 மணி நேரத்துக்கு மேல விடாதீங்க. ஆழமான அண்டாவுல ஆறாது, அகலத் தட்டுல பரப்புங்க. ஒவ்வொரு நாளும் ஒரு டப்பாவுல கொஞ்சம் மாதிரி எடுத்துக் குளிர்பெட்டியில வைங்க. ஏதாவது ஆனா பரிசோதிக்க அது வேணும்.

வீட்டுக்குக் குடுக்கறதுன்னா அவிச்ச முட்டை, பழம் மாதிரி. அதையும் அன்னிக்கே சாப்பிடச் சொல்லி. சின்னப் புள்ளைங்களுக்கு முழுக் கடலை, முழு திராட்சை வேணாம், தொண்டையில அடைக்கும்.

#15 நெறியாளர்

சமையலறைச் சுத்தம் பற்றிப் பேசத் தனி இழை இருக்கிறது, புதுவரவு அங்கே வாருங்கள். இங்கே மாலைப்பந்தியின் கேள்வியோடு இருப்போம்.

#16 தட்டுக்கணக்கு

இவ்வளவு பேர் பேசியும் அறக்கட்டளைக்கு என்ன பதில் எழுதுவது என்று யாரும் சொல்லவில்லை. நான் கணக்கர், இந்த மாதிரி அமைப்புகளுக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பதுதான் வேலை. பணம் தருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு மேலே ஒரு குழு இருக்கிறது, அங்கே காட்ட ஒரு எண் வேண்டும். வினாத்தாள் சுலபமாக எண் தருகிறது, அதனால் வினாத்தாள். அதைவிட நல்ல எண்ணை நீங்கள் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

ஒரு தராசும் இரண்டு வாளியும் போதும். சமைத்த காயை எடை போடுங்கள். பந்தி முடிந்ததும் பாத்திரத்தில் மிஞ்சியது, தட்டிலிருந்து ஒதுக்கி வாளியில் விழுந்தது, இரண்டையும் போடுங்கள். உதாரணத்துக்கு, சமைத்தது 9 கிலோ. பாத்திரத்தில் மிச்சம் 1.5. வாளியில் 2.1. அப்படியானால் வயிற்றுக்குள் போனது 5.4 கிலோ. அன்று 45 தட்டு என்றால் ஒரு தலைக்கு 120 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் 6 முதல் 9 வயதுக்கு நாளைக்குக் குறைந்தது 350 கிராம் காயும் பழமும் என்று சொல்கிறது. மூன்றில் ஒரு பங்கு உங்கள் கூடத்தில் மட்டும் போகிறது என்று எழுதலாம். இதே காய் முதல் தடவை எவ்வளவு, எட்டாவது தடவை எவ்வளவு என்று ஒரு கோடு போட்டுக் காட்டினால், அதுதான் கற்றல்.

இரண்டு எச்சரிக்கை. வாளி கூடத்துக்குள் பிள்ளைகள் கண்ணில் படும்படி இருக்கக் கூடாது. பரிமாறுகிறவர்களுக்கும் அன்றன்றைக்கு எண்ணைச் சொல்லாதீர்கள், சொன்னால் தட்டைக் காலி செய்யச் சொல்லி வற்புறுத்த ஆரம்பித்துவிடுவார்கள். அளவுகோலே தொல்லையாகிவிடும். வருகைக்குப் பெயர் வேண்டாம், கழுவிய தட்டை எண்ணினால் போதும்.

#17 எதிர்க்கேள்வி

தட்டுக்கணக்கு சொன்னது உருப்படியான பேச்சு. ஆனால் என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மீதி 4 நாள் வீட்டில் யார் சமைக்கிறார்கள்?

#18 வரிசையில்_நின்றவன்

எங்கள் வீட்டில் யாரும் சமைக்கவில்லை சார். அம்மா வேலை முடிந்து வர ராத்திரி 10 மணியாகும். அடுப்பு ஒன்று இருந்தது, எரிபொருள் மாதக் கடைசியில் இருக்காது. அம்மாவுக்கு எந்தக் காயில் என்ன சத்து என்று நன்றாகவே தெரியும். தெரியாமல் இல்லை. அதற்கு ஒரு சாப்பாட்டுக்கூடம் பதில் சொல்ல முடியாது, நீங்கள் கேட்டது சரிதான். அதற்காக அந்த 3 நாளையும் விட்டுவிடுவதா?

#19 மாலைப்பந்தி

5 வாரம் ஆளைக் காணோமே என்று நினைத்திருப்பீர்கள். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முதல் காரியமாகக் கையெழுத்துத் தாளை எடுத்துவிட்டோம். வகுப்பையும் நிறுத்தினோம். தட்டுக்கணக்கு சொன்னபடி இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதி, கூடவே எடைக்கணக்குப் படிவத்தையும் வைத்து அனுப்பினேன். பதில் வர 12 நாள். அந்த 12 நாள் எனக்குத் தூக்கம் இல்லை. கடைசியில் அவர்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்தார். தட்டைக் கையில் கொடுத்து 7 வயதுக்காரி ஒருத்தி பக்கத்தில் உட்கார வைத்துவிட்டோம். வருஷக் கடைசி வரை இப்படியே நடத்திப் பாருங்கள் என்று எழுதி வந்தது. ஒரு பக்க வினாத்தாளாவது வேண்டும் என்றும் கடைசி வரியில் இருந்தது. அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவர பிராட்ஃபோர்டு வழியைத்தான் பிடித்தோம். பரிமாறவும் கணக்கு எழுதவும் ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம், சாப்பிட வா என்று சொல்லவில்லை. 9 பேர் வந்தார்கள். மேலங்கியைக் கட்டிக்கொண்டு கரண்டி பிடித்தால் அவர்களுக்கு ஒரு மிடுக்கு. வேலை முடிந்ததும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். "இங்கே நான் வேலை செய்கிறேன்" என்று ஒருவன் வெளியில் நின்ற நண்பனிடம் சொன்னதை நானே கேட்டேன். போன வாரம் 56 தட்டு. நான்கு பேர் மட்டும் வரவே இல்லை. ஒருவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், கதவைத் திறந்து "பசிக்கல அக்கா" என்றான். வற்புறுத்தவில்லை.

பீட்ரூட் முதல் தடவை வைத்தபோது ஒரு தலைக்கு 38 கிராம். துருவி, ஐந்தாவது தடவை, 71 கிராம். மூன்றாவது தடவை 30-க்கு இறங்கியது, ஏன் என்று இன்னும் புரியவில்லை. அன்று உப்பு கூடியிருந்தது என்கிறார்கள் எங்கள் சமையல்காரர்கள், யாரும் யார் மேல் தவறு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அவித்த முட்டை கேட்டால் இன்னொன்று கொடுக்கிறோம், எதற்கு என்று கேட்பதில்லை.

பெரியகரண்டி ஐயா, அடுத்த இரண்டு வாரத்துக்குப் பீன்ஸ். 70 பேருக்கு எப்படி நறுக்குவது? போன தடவை 4 பேர் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

#20 பெரியகரண்டி

ஒவ்வொண்ணா நறுக்காதீங்கம்மா. காம்ப மட்டும் கிள்ளிட்டு, ஒரு பிடி எடுத்து நுனிய பலகையில தட்டிச் சமப்படுத்தி, மொத்தமா வச்சு வெட்டுங்க. ரொம்பப் பொடியா வேணாம், வெந்தா மறைஞ்சிடும். காம்பு கிள்ற வேலைய அந்த 9 பேருகிட்ட விடுங்க. பச்சையா ஒண்ணு ரெண்டு வாயில போட்டுப் பாத்தா தடுங்க, பச்சை பீன்ஸ் வயித்துக்கு ஆகாது, வேகணும். அடுப்புல இருந்து எறக்குனதும் மொத ருசி அவங்களுக்குக் குடுங்க. உப்பு பாக்கச் சொல்லுங்க.